குளியலறைக்கு 20,000 ரூபாய்



சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். ஒன்பது ஆண்டுகள் டிரான்சிட் கேம்பில் ஒரே அறையில் காலந்தள்ளிய குடும்பம் அது. இப்பொழுது எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் எழும்பிய ஏழு மாடிக் கட்டடத்தின் கடைசி மாடியில் 269 சதுர அடி வீட்டின் சாவி அவர்கள் கையில் வந்திருக்கிறது. முன்னாட்களில் இத்திட்டத்தில் 225 சதுர அடி கிடைத்தது. பின்பு அது 269 ஆயிற்று. பின்னர் அனுமதி பெற்ற கட்டடங்களில் 300. கடிதத்தின் முக்கியமான பகுதியை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

"பாஸ்டர் ஐயா, கட்டினவர்கள் டைல்ஸ் ஒட்டி, இந்தியன் டாய்லெட் வைத்து, இரண்டு சாதாரணக் குழாய்களையும் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வேறொன்றும் இல்லை. குளியலறைக்கென்று வீட்டுக்காரர் 20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். பிள்ளைகள் பெரிய ஷவர் வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்காரருக்குத் துவாலைக் கம்பி, சோப்புத் தட்டு, கண்ணாடி எல்லாம் ஒரே மாதிரியாக அமைந்த பளபளப்பான செட் வேண்டும். ஜூன் மாதம் திருநெல்வேலியிலிருந்து அத்தை எங்களோடு தங்கிவிட வருகிறார்கள். எதை வாங்குவது, எதை விடுவது?"

வேதாகமக் கல்லூரியில் எங்களுக்கு இந்தப் பாடத்தை ஒருவரும் கற்பிக்கவில்லை. ஆகிலும் 27 ஆண்டுகளாக இப்பட்டணத்தில் புதுவீட்டு ஜெபங்களுக்குச் சென்று வருகிறவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஜெபம் முடிந்து தேநீர் வருவதற்குள், வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று முதலாவது காண்பிப்பது குளியலறையைத்தான். படுக்கையறையை அல்ல, சமையல் மேடையையும் அல்ல. இதை வீண்பெருமை என்று குறைசொல்ல எனக்கு மனமில்லை. அறையின் மூலையில் முழங்கால் உயரச் சுவர் கட்டிய மோரியில், ஒரு சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டுகள் குளித்த பெண்களுக்கும், விடியுமுன்னே பொதுக் கழிப்பிடத்தின் வரிசையில் நின்றவர்களுக்கும், உள்ளே தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கதவு எத்தகைய காரியம் என்பதை நம்மில் அநேகர் அறிவோம்.

அப்படிப்பட்ட அறைக்குப் பணம் செலவழிப்பது நியாயமே. எங்கே செலவழிப்பது என்பதில்தான் தவறுகிறோம். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தாராளமாயும், சுவருக்குள் மறைந்திருக்கிறதும் உயிரைத் தாங்குகிறதுமான இடத்தில் கஞ்சத்தனமாயும் நடந்துகொள்கிறோம். நானும் அப்படியே செய்தேன். ஆதலால், சகோதரி தம் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரியிலிருந்தே என் பதிலைத் தொடங்குகிறேன்: அத்தை வருகிறார்கள்.

2009ஆம் ஆண்டில் நாங்கள் கல்யாணில் ஒரு சிறிய வீட்டை வாங்கினோம். குளியலறைக்கென்று நானே கடைக்குப் போய், ஐந்து பொருள்கள் அடங்கிய ஒரு செட்டை வாங்கி வந்து, நானே டிரில் மெஷினை இரவல் வாங்கித் துளையிட்டு மாட்டினேன். துவாலைக் கம்பி, வளையம், சோப்புத் தட்டு, டூத்பிரஷ் தாங்கி, கொக்கி. எல்லாம் ஸ்டீல் என்று கடைக்காரர் சொன்னார். கண்ணாடி போல் மின்னின. 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஊரிலிருந்து என் தாயார் வந்திருந்தார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயது 74. ஒருநாள் காலையில், கழிப்பிடத்தில் குந்தியிருந்து எழும்பும்போது, கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த துவாலைக் கம்பியைப் பற்றியிருக்கிறார்கள். கம்பி, திருகாணியும் பிளாஸ்டிக் கட்டையுமாகக் கையோடு வந்துவிட்டது. நாங்கள் சத்தத்தைத்தான் கேட்டோம்.

கதவு உட்பக்கமாகத் திறக்கிற கதவு. தாயார் அதற்குப் பின்னால் விழுந்து கிடந்தார்கள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தாழ்ப்பாளை உடைத்தாலும் கதவைத் தள்ள முடியாது; தள்ளினால் அவர்கள்மேல்தான் இடிக்கும். கடைசியில் அடுத்த வீட்டுத் தம்பி ஒரு ஹாக்ஸா பிளேடைக் கொண்டுவந்து, பி.வி.சி. கதவின் கீழ்ப்பாதியை அறுத்தெடுத்தார். ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள். இடுப்பருகே தொடையெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின்பு வாக்கர் இல்லாமல் அவர்கள் நடக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவர்கள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "மக்களே, உன் கம்பிய ஒடச்சிப் போட்டேனே" என்பதுதான்.

வீட்டுக்கு வந்து அந்தத் திருகாணிகளை எடுத்துப் பார்த்தேன். முக்கால் அங்குல நீளம். டைலின் கனத்தையும் அதன் பின்னுள்ள சிமெண்டுப் பூச்சையும் கடந்து அவை செங்கலைத் தொடவே இல்லை. கடைக்காரர்மேல் குற்றமில்லை. துவாலைக் கம்பி துவாலையைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டது. மனுஷரைத் தாங்குவதற்கு அல்ல. ஆனால் வழுக்குகிறவரின் கை அந்த வித்தியாசத்தை அறியாது. எட்டுகிறதை அது பிடித்துக்கொள்ளும்.

ஆகையால் சகோதரி, முதற்செலவு கைப்பிடிக் கம்பி. கடைகளில் கிராப் பார் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு வாங்குங்கள். கழிப்பிடத்தின் அருகில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று. கம்பியின் குறுக்களவு 32 முதல் 38 மில்லிமீட்டர் வரை இருந்தால் வயதானவர்களின் கைக்குள் நன்றாய் அடங்கும். கம்பிக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி போதும். அதிகமானால் வழுக்கும்போது முழங்கை அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முனையிலும் மூன்று திருகாணித் துளைகள் உள்ளதாகப் பாருங்கள். அமெரிக்காவில் ஊனமுற்றோருக்கான கட்டட விதிகளின்படி இத்தகைய கம்பி 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும். அதே அளவுகோலை நம் மனதில் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கம்பியைவிட முக்கியமானது அது ஏறுகிற சுவர். செங்கற்சுவரானால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத திருகாணி, டைலையும் பூச்சையும் கடந்து செங்கலுக்குள் இறங்க வேண்டும். இக்காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் உட்சுவர்கள் சிபோரெக்ஸ் என்று நாம் சொல்லும் இலகுரகக் கல்லால் கட்டப்படுகின்றன. அதில் சாதாரணப் பிளாஸ்டிக் கட்டை பிடிக்காது. அதற்கென்றே உள்ள ஆங்கரையோ, பசை ஊற்றி இறுக்குகிற கெமிக்கல் ஆங்கரையோ பயன்படுத்தவேண்டும். எந்தச் சுவர் என்று கட்டட மேற்பார்வையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டைலைத் தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்கிற இடத்தில் துளையிட வேண்டாம். டைலைத் துளைக்கும்வரை டிரில் மெஷினைச் சுத்தியல் ஓட்டத்தில் வைக்கக்கூடாது, டைல் விரியும். சுவரில் ஒட்டி அழுத்தினாலே போதும், துளையே வேண்டாம் என்று காற்றழுத்தத்தால் பிடிக்கும் கைப்பிடிகள் விற்கிறார்கள். அவற்றை வாங்காதீர்கள். ஈரக்காற்றில் அவை எந்த நேரத்தில் விட்டுவிடும் என்று சொல்லவே முடியாது.

அத்தைக்கு முழங்கால் வலி இருந்தால், இந்தியன் டாய்லெட்டை இடித்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். அதன் மேலே நிறுத்திவைக்கிற, நடுவில் துளையுள்ள கமோடு ஸ்டூல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இடித்தால் தரையின் நீர்க்காப்பு கெடும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும். அதன்பிறகு சொசைட்டிக் கூட்டத்தில் நடப்பதை இப்பட்டணத்தில் வாழ்கிறவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

இனி கதவு. வெளிப்பக்கத்திலிருந்து ஒரு நாணயத்தையோ ஸ்க்ரூ டிரைவரையோ வைத்துத் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள்கள் கிடைக்கின்றன. இருநூறு, முந்நூறு ரூபாய்க் காரியம். முடிந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி கீல்களையும் மாற்றிவிடுங்கள். என் வீட்டில் இவ்விரண்டும் இப்போது இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் தாமதமாக வந்தன, அவ்வளவுதான்.

தரையைப் பற்றி ஒரு சிறு சோதனை. ஒரு செம்புத் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றிப் பாருங்கள். அது தானாகவே நானி ட்ராப்பை நோக்கி ஓடினால் வாட்டம் சரி. நடுவில் குட்டையாய் நின்றால், அந்த இடத்தில் சோப்புப் படிந்து வழுக்கும். தரை டைல் மங்கலான, சொரசொரப்பான வகையா என்பதையும் கையால் தடவிப் பாருங்கள். பளபளப்பான டைலாக இருந்தால் மாற்றுவதற்கு அவசரப்பட வேண்டாம். துளைகளுள்ள ரப்பர் பாய் ஒன்றை விரித்து, தினமும் தூக்கி உலர்த்தினால் போதும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு சோப்புப் படிவைத் தேய்த்துவிடுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், டைல்களுக்கு இடையிலுள்ள சிமெண்டை அது தின்றுவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். இதை வீட்டு வேலைக்கு வருகிற சகோதரிக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்து மின்சாரம். கீசர் வாங்கும் முன்னே ஆர்.சி.சி.பி. வாங்குங்கள். வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்பீர்கள். எம்.சி.பி. வயரைக் காக்கிறது, ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. உள்ளே போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாயிருக்கிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. எங்கோ ஓர் ஈர உடம்பின் வழியாகச் சிறிதளவு தரைக்குப் போனாலும், ஒரு நொடியிலும் மிகக் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். அதில் டி என்று குறியிட்ட ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தி, இணைப்பு விழுகிறதா என்று பாருங்கள். எர்த் வயர் பெயருக்கு மாட்டப்பட்டதா, உண்மையாகவே மண்ணோடு சேர்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிடுங்கள்.

கீசரின் அளவைக் குறித்து மக்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். குழாய்த் தண்ணீரின் வெப்பம் 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மும்பையில் அதற்கு மிகவும் கீழே போவதில்லை. 15 லிட்டர் கீசர் 60 டிகிரிக்குக் காய்ச்சிய நீரை, குளிக்க ஏற்ற 40 டிகிரிக்கு விளாவினால் 35 லிட்டர் கிடைக்கும். அதாவது ஏறத்தாழ இரண்டு வாளி. 2 கிலோவாட் கீசருக்கு அதைக் காய்ச்ச இருபது நிமிடங்களுக்குள்தான் ஆகும். செலவு சற்றேறக்குறைய 0.6 யூனிட். ஐந்து பேருள்ள வீட்டிற்குக்கூட இது போதும். 25 லிட்டர் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நட்சத்திரக் குறியீட்டையும் பார்த்து வாங்குங்கள். நிரம்பிய கீசர் இருபது கிலோவைத் தாண்டும்; அது தலைக்குமேலே தொங்குகிறது. கைப்பிடிக் கம்பிக்குச் சொன்ன சுவர்ச் சோதனை அதற்கும் பொருந்தும். கீசரின் அடியிலுள்ள பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று சொல்லி அதை அடைக்கிற பிளம்பரை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

கேஸ் கீசர் மலிவு, செலவும் குறைவு என்று அண்டைவீட்டார் சொல்லுவார்கள். இதில் மட்டும் என் சொல்லைத் தட்டாதீர்கள். மூடிய சிறு குளியலறைக்குள் எரிகிற கேஸ், காற்றிலுள்ள பிராணவாயுவைத் தின்று, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, தொண்டையில் எரிச்சலும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேலான வலிமையோடு அது பற்றிக்கொள்கிறது. குளிக்கிறவருக்குத் தலை சுற்றும், கால் தளரும், தாழ்ப்பாளைத் திறக்கிற பெலன் இராது. குளிர்காலந்தோறும் மும்பையிலும் வட மாநிலங்களிலும் இவ்விதமான மரணங்களைச் செய்தித்தாளில் வாசிக்கிறோம். அது அவசியமே என்றால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனியில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியாக உள்ளே கொண்டுவரவேண்டும். 269 சதுர அடி வீட்டில் அப்படிப்பட்ட இடம் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

பிள்ளைகளின் ஷவருக்கு வருகிறேன். நீங்கள் கடைசி மாடியில் இருக்கிறீர்கள். உயரமான இடம், ஆகையால் வேகமாய் விழும் என்று பிள்ளைகள் நினைக்கலாம், காரியம் நேர்மாறானது. நீரின் அழுத்தத்தைத் தருவது தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள உயரம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. மொட்டைமாடித் தொட்டி உங்கள் தலைக்குமேல் இரண்டு மூன்று மீட்டரில் இருக்கிறது; கால் கிலோ அழுத்தந்தான் கிடைக்கும். எட்டு அங்குல அகலமுள்ள மழை ஷவர் அந்த அழுத்தத்தில் தாழ்வாரத்து நீர்போல் சொட்டும். இரண்டாம் மாடிக்காரர் வீட்டில் நன்றாய்ப் பொழிகிறதே என்று பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் அநேகர். கையில் பிடிக்கிற சிறிய ஷவர் வாங்குங்கள். குறைந்த அழுத்தத்திலும் அது வேலை செய்யும், ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிற அத்தைக்கும் அது உதவும்.

வாளியை மட்டும் வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விழுகிற ஷவரின் கீழ் எட்டு நிமிடம் நின்றால் 80 லிட்டர். வாளிக் குளியலுக்கு 20 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சமையல், துணி, கழிப்பிடம் எல்லாவற்றுக்குமாக அரசின் திட்ட அளவே 135 லிட்டர்தான். நாளொன்றுக்குச் சில மணி நேரமே தண்ணீர் விடப்படுகிற பட்டணத்தில் இந்தக் கணக்கைப் பிள்ளைகளே செய்து பார்க்கட்டும். ஷவரின்கீழ் வாளியை வைத்து, எத்தனை விநாடியில் நிறைகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

குழாய்களைப் பொறுத்தவரை, கட்டினவர்கள் மாட்டியதைக் கையோடு கழற்ற வேண்டாம். ஒழுகத் தொடங்கும்போது மாற்றுங்கள். மாற்றும்போது கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளைக் குழாய் கனக்கும். கால் சுற்றில் திறந்து மூடுகிற செராமிக் வகை வாஷர் தேயாமல் நெடுநாள் உழைக்கும்; அந்தக் கம்பெனியின் உள்பாகம் தனியாகக் கிடைக்குமா என்பதைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்கள் அதிகம் காணாத துணி துவைக்கிற மூலைக்குப் பி.டி.எம்.டி. என்னும் பிளாஸ்டிக் குழாய் போதும். மலிவு என்று அதை இழிவாகப் பேச வேண்டாம். துருப்பிடிக்காது, முலாம் உரியாது. மும்பைக்கு வருகிற தண்ணீர் பெரும்பாலும் பாட்சா, வைதர்ணா, தான்சா ஆகிய நீர்த்தேக்கங்களின் மென்னீர். ஆழ்துளைக் கிணற்று நீரையும் டேங்கர் நீரையும் நம்பியிருக்கிற புறநகர் வாசகர்களுக்கும், பெங்களூரில் காவேரி இணைப்பு எட்டாத பகுதிகளிலுள்ள வாசகர்களுக்கும் நிலைமை வேறு. அங்கே ஷவரின் துளைகளில் வெள்ளைப் படிவு ஏறும். அதைக் கழற்றி, வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் திறந்துவிடும். புதிதாக வாங்கத் தேவையில்லை.

ஹெல்த் ஃபாசெட் வைத்தால் ஒரு பழக்கத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தி முடித்ததும் கீழேயுள்ள ஆங்கிள் காக்கை மூடவேண்டும். மூடாவிட்டால் அந்த வளையும் பைப் இரவும் பகலும் அழுத்தத்தில் நிற்கும்; வீட்டில் ஒருவரும் இல்லாத ஒருநாளில் வெடிக்கும்.

கடைசியாக வீட்டுக்காரரின் பளபளப்பான செட். சகோதரரே, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. எனக்கும் அது இருந்தது. கடையில் ஸ்டீல் என்று சொல்லப்படுவது மூன்று நான்கு விதம். 304 என்ற தரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. கடற்காற்றையும் நான்கு மாத மழையையும் பெருமளவு தாங்கும். 202 என்ற தரத்தில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். மலிவு, ஆனால் நம்முடைய காற்றில் புள்ளி புள்ளியாய்த் துருவேறும். துத்தநாகக் கலவையில் முலாம் பூசியதும் உண்டு. முலாம் உரிந்தவுடன் அதன் நிறம் வெளுக்கும். சிலர் காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று முடிவுகட்டுகிறார்கள். 202ம் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. பொருளின்மேலோ பெட்டியிலோ 304 என்று அச்சிட்டிருக்கிறதா, பில்லில் அவ்விதமே எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நான் கடைகளில் விசாரித்த விலைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். இடத்துக்கு இடம் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். ஐந்து நட்சத்திர 15 லிட்டர் கீசர் மாட்டுக்கூலியோடு ஏறத்தாழ 8,000. ஆர்.சி.சி.பி.யும் எலக்ட்ரீஷியன் கூலியும் 3,000. 304 கைப்பிடிக் கம்பிகள் இரண்டு, நல்ல ஆங்கர்களோடு 2,500. கை ஷவர், ஹெல்த் ஃபாசெட், ஆங்கிள் காக் ஆகியவற்றுக்கு 2,500. கமோடு ஸ்டூலும், அகலக் கால்களில் ரப்பர் பொருத்திய குளியல் ஸ்டூலும் 1,800. தாழ்ப்பாள், ரப்பர் பாய் 700. மீதி 1,500. இதில் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கிப் பட்டை, ஒரு பிளாஸ்டிக் மூலைத்தட்டு, ஒரு சாதாரணக் கண்ணாடி, வாளி, செம்பு எல்லாம் அடங்கும். பிளாஸ்டிக் என்பதில் வெட்கமில்லை. செட்டை அடுத்த ஆண்டு வாங்கலாம். வாங்கும்போது துவாலைக் கம்பியை மட்டும் கழிப்பிடத்தின் அருகே மாட்டாதீர்கள். எவர் கையும் அவசரத்தில் எட்டாத சுவரில் மாட்டுங்கள்.

இன்னுமொரு சிறு காரியம். மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள், ஒரு மாதம் கழித்துத் திரும்பிக் கதவைத் திறக்கும்போது வீடெல்லாம் சாக்கடை நாற்றமும் கரப்பான்பூச்சியுமாய் இருக்கிறது என்று முறையிடுகிறார்கள். நானி ட்ராப்புக்குள் எப்போதும் இரண்டங்குலத் தண்ணீர் நிற்கவேண்டும். அந்தத் தண்ணீரே கதவு. ஆளில்லாத வீட்டில் அது உலர்ந்துபோகிறது. புறப்படுகிற அன்று அதில் ஒரு வாளித் தண்ணீர் விட்டு, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றிவிடுங்கள். எண்ணெய் படலமாய் நின்று, தண்ணீர் உலர்வதைத் தாமதப்படுத்தும்.

சகோதரி, மற்ற வேலைகள் யாவற்றையும் ஜூன் மாதத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் கைப்பிடிக் கம்பிக்கு மட்டும் அத்தை வருமுன் துளையிட வேண்டாம். புத்தகத்தில் உயரம் 33 முதல் 36 அங்குலம் என்று போட்டிருக்கும். அது நாற்காலி போன்ற டாய்லெட்டுக்கு, அந்நாட்டாருடைய உயரத்துக்கு எழுதியது. ரயிலை விட்டு இறங்கி, சாப்பிட்டு, இளைப்பாறின பின்பு, உலர்ந்த தரையில் அந்த ஸ்டூலை வைத்து, உடுத்த சேலையோடு அவர்களை உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் நின்றுகொண்டு, மூன்று முறை எழும்பச் சொல்லுங்கள். எழும்பும்போது அவர்கள் கை தானாகச் சுவரில் எங்கே போகிறதோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிளம்பரை மறுநாள் காலையில் வரச்சொல்லுங்கள். அதுவரை அவர்கள் குளிக்கப் போகும்போது கதவைத் தாழிட வேண்டாம் என்று சொல்லி, நீங்களே வெளியில் நில்லுங்கள்.